சொல்லிக்காட்ட முடியாத படங்கள்: பரிசோதனை சினிமாவும் அதைச் சேகரிப்பவர்களும்

திரைப்படங்களைச் சேகரிப்பவர்களில் தனிக் கூட்டம் ஒன்று உண்டு. வெள்ளிவிழாக் கண்ட படங்களோ நட்சத்திரங்களின் படங்களோ அவர்களை இழுப்பதில்லை. வசனமே இல்லாத படம், பெயரில்லாத பாத்திரங்கள், முன்பின் தொடர்பின்றி வந்துபோகும் காட்சிகள், எடுக்கப்பட்ட ஊரிலேயே சில நூறு பேர்தான் பார்த்த படம் என்று தேடிப் போவார்கள். அப்படி ஒன்றின் பிரதிக்காக ஆண்டுக்கணக்கில் அலைவார்கள். கிடைத்தது கீறலும் இரைச்சலுமாக இருந்தாலும் பத்திரப்படுத்துவார்கள். பெரும்பாலோர் பாதியில் எழுந்து போய்விடும் படங்களின் மேல் சிலருக்கு மட்டும் இத்தனை பற்று ஏன் என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் மூன்று. கிடைப்பதற்கு அரியது என்பதால் ஆசை. தடை செய்யப்பட்டது என்பதால் கவர்ச்சி. ஊரார் அறியாததைத் தாம் அறிந்திருக்கிறோம் என்ற பெருமிதம். மூன்றிலும் உண்மை இருக்கிறது. மூன்றையும் கூட்டினாலும் முழு விடை வரவில்லை என்பதே என் கருத்து. கதைப் படம் பார்த்தவர் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிவிடலாம். கேட்டவருக்கும் பாதிப் படம் பார்த்த நிறைவு கிடைக்கும். லூயி புனுவேலும் சல்வடோர் டாலியும் 1929-இல் எடுத்த 'அந்தலூசிய நாய்' படத்தை அப்படிச் சொல்ல இயலாது. கண்ணை அறுக்கும் சவரக்கத்தி, உள்ளங்கையிலிருந்து வெளியேறும் எறும்புகள், பியானோக்களின் மேல் கிடக்கும் கழுதைகளின் பிணங்கள் என்று அடுக்கிச் சொன்னாலும் படம் அதில் இல்லை. சொல்லில் ஏறாததை நினைவும் ஒழுங்காகத் தாங்குவதில்லை. வரிசை மாறுகிறது, பாதி கரைகிறது. திரும்பப் பார்த்தால்தான் அந்தப் படம் உண்டு. திரும்பப் பார்க்கப் பிரதி வேண்டும். இவ்வகைப் படங்களைச் சேகரிக்கும் ஆசையின் வேர் இந்தத் தேவையில் இருக்கிறது. அருமையும் தடையும் பெருமிதமும் அதன் மேல் படிந்தவை. இதைச் சில உண்மை நிகழ்வுகளைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம்.

சேகரிப்பாளர் இயக்குநரானபோது

முதல் சான்று, சேகரிப்பாளராகத் தொடங்கி இயக்குநராகிவிட்ட ஒருவர். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், யுடோப்பியா பார்க்வே என்ற தெருவில், தாயோடும் உடல் இயக்கம் பாதிக்கப்பட்ட தம்பியோடும் வாழ்ந்தவர் ஜோசப் கார்னெல் (1903–1972). பழைய பொருள் கடைகளில் பொறுக்கிய பொம்மைகள், வரைபடங்கள், அஞ்சல்தலைகள், கண்ணாடிக் குப்பிகள் ஆகியவற்றைச் சிறு மரப்பெட்டிகளுக்குள் அடுக்கி அவர் செய்த படைப்புகள் இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. படச்சுருள்களையும் அதே கையால் சேர்த்தார். தம்பிக்கு வீட்டிலேயே போட்டுக் காட்டப் பழைய படங்களை வாங்கினார். அவ்வாறு வந்து சேர்ந்தவற்றில் ஒன்று, யுனிவர்சல் நிறுவனம் 1931-இல் வெளியிட்ட 'ஈஸ்ட் ஆஃப் போர்னியோ'. காணாமல் போன கணவனைத் தேடிக் காட்டுக்குள் போகும் பெண், முதலைகள், ஆசை கொண்ட இளவரசன், கடைசியில் வெடிக்கும் எரிமலை என்று ஓடும் சாதாரண வணிகப் படம் அது.

கார்னெல் அதை வெட்டினார். கதையைத் தூக்கி எறிந்துவிட்டு, நாயகி ரோஸ் ஹோபார்ட் வரும் துண்டுகளை மட்டும் பெரும்பாலும் வைத்துக்கொண்டார். அவள் திரும்புகிறாள், திரையை விலக்குகிறாள், எதையோ கண்டு திடுக்கிடுகிறாள். எதைக் கண்டாள் என்பது வெட்டப்பட்டுவிட்டது. இடையிடையே வேறொரு படத்திலிருந்து எடுத்த கிரகணக் காட்சி. ஏறத்தாழ 19 நிமிடம் ஓடும் இதை, ஊமைப் பட வேகத்துக்குக் குறைத்து, நீலக் கண்ணாடி வழியாகத் திரையிட்டு, பிரேசில் இசைத்தட்டுகளை ஒலிக்கவிட்டார். 'ரோஸ் ஹோபார்ட்' என்று நடிகையின் பெயரையே படத்துக்கும் வைத்தார்.

1936 டிசம்பரில் நியூயார்க்கின் ஜூலியன் லெவி கலைக்கூடத்தில் இது திரையிடப்பட்டபோது பார்வையாளர்களில் டாலியும் இருந்தார். தன் மனத்துக்குள் இருந்த எண்ணத்தைக் கார்னெல் திருடிவிட்டதாகக் கத்தியபடி அவர் புரொஜெக்டரைத் தள்ளிவிட்டார். கூச்ச சுபாவமுள்ள கார்னெல் அதன்பின் நெடுங்காலம் படத்தை வெளியே காட்டத் தயங்கினார். பின்னாளில் அவரிடம் சிறிது காலம் உதவியாளராக இருந்த இளம் இயக்குநர் கென் ஜேக்கப்ஸ் அந்தச் சுருளை இரவல் வாங்கிப் போய், நண்பர் ஜேக் ஸ்மித்துடன் திரும்பத் திரும்பப் பார்த்தார். அமெரிக்க மாற்று சினிமாவின் இரு முக்கியப் படைப்பாளிகள் அங்கே பாடம் படித்தார்கள்.

சேகரிப்பின் உட்பொருளை இந்த நிகழ்வு நன்றாகக் காட்டுகிறது. கார்னெல் ஒரே சுருளைப் பலமுறை ஓட்டிப் பார்த்ததால்தான், கதை மறைத்திருந்த கனவு அவர் கண்ணில் பட்டது. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரான்சின் நாந்த் நகரில், பின்னாளில் சர்ரியலிச இயக்கத்தை நிறுவிய ஆந்த்ரே பிரெத்தோனும் நண்பர் ழாக் வாஷேவும் என்ன படம் என்று பார்க்காமலே அரங்குக்குள் நுழைவார்கள். சலிப்புத் தட்டியதும் எழுந்து அடுத்த அரங்குக்குப் போவார்கள். கதைகளிலிருந்து கழன்று விழுந்த காட்சிகள் அவர்களுக்குள் புதிதாகச் சேர்ந்துகொண்டன. அவர்கள் கால்நடையாகச் செய்ததைக் கார்னெல் கத்தரிக்கோலால் செய்தார். அதற்குச் சுருள் சொந்தமாக இருக்க வேண்டியிருந்தது.

அருமை என்னும் ஈர்ப்பு

அரிதாக இருப்பதுதான் ஆசையை வளர்க்கிறது என்போர் முதலில் காட்டவேண்டிய படம் பிரேசிலின் 'லிமிட்டே'. மாரியோ பெய்ஷோட்டோ (1908–1992) இதை எடுத்தபோது அவருக்கு 22 வயது. கடலில் திக்கற்று மிதக்கும் படகில் இரண்டு பெண்களும் ஓர் ஆணும் இருக்கிறார்கள். அவர்களின் கடந்த காலம் சிதறல்களாக வந்துபோகிறது. அலை, வேலி, காலடி, காற்றில் ஆடும் செடி ஆகியவற்றின் மேல் கேமரா மனிதர்கள் மேல் நிற்கும் அதே அளவுக்கு நிற்கிறது. 1931 மே 17 அன்று ரியோ டி ஜெனீரோவின் கேப்பிட்டோலியோ அரங்கில் முதல் காட்சி நடந்தது. வாங்கி வெளியிட எந்த விநியோகஸ்தரும் முன்வரவில்லை. பெய்ஷோட்டோ அதற்குப் பின் எந்தப் படத்தையும் முடிக்கவில்லை.

எரியும் தன்மை கொண்ட நைட்ரேட் பிரதி ஒன்றை நம்பியே படம் உயிரோடு இருந்தது. பிளீனியோ சுசெகிண்ட் ரோஷா என்ற பேராசிரியர் அதைக் காத்துத் தன் மாணவர்களுக்குத் திரையிட்டு வந்தார். 1959-இல் சுருள் சிதையத் தொடங்கியதால் திரையிடல் நின்றது. அவருடைய மாணவர் சாவுலோ பெரேரா டி மெல்லோ அதைக் காப்பாற்றும் வேலையைத் தன் தலைமேல் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு சட்டகமாகப் படமெடுத்து மீட்கும் வேலை அது. நடுவே 1966-இல் ராணுவ ஆட்சியின் காவல்துறை பல்கலைக்கழகத்திலிருந்து சோவியத் படங்களோடு இதையும் பறிமுதல் செய்தது. சாவுலோ போராடி மீட்டார். வேலை முடிய ஏறத்தாழ இருபது ஆண்டு ஆனது. அழிந்துபோன ஒரு பகுதிக்குப் பதிலாக, அது இழக்கப்பட்டது என்று சொல்லும் அட்டை மட்டுமே இன்றைய பிரதியில் இருக்கிறது.

படம் பார்க்கக் கிடைக்காத அந்த ஆண்டுகளில் அதைப் பற்றிய பேச்சு மட்டும் வளர்ந்தது. பிரேசில் இயக்குநர் கிளௌபர் ரோஷா 1963-இல் வெளியிட்ட நூலில் இதைக் கடுமையாகத் தாக்கினார்; அப்போது அவர் படத்தைப் பார்த்திருக்கவில்லை. சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் எழுதியதாகச் சொல்லப்பட்ட புகழுரை ஒன்றும் உலவியது. அதை எழுதியவர் பெய்ஷோட்டோவே என்பது பின்னர் தெரியவந்தது. காணக் கிடைக்காத படத்தைச் சுற்றி எவ்வளவு புனைவு சேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அருமைதான் எல்லாம் என்று வாதிடுவோர் இங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. மீட்கப்பட்ட படம் திரைவிழாக்களுக்குச் சென்றது. 2017-இல் கிரைட்டீரியன் நிறுவனத்தின் வட்டுத் தொகுப்பில் இடம்பெற்று, விரும்பிய எவரும் வாங்கக்கூடியதாயிற்று. அருமை போய்விட்டது. ஐசன்ஸ்டைன் கட்டுரையின் பொய்யும் வெளுத்துவிட்டது. புகழ் அவற்றை நம்பியே நின்றிருந்தால் படம் சரிந்திருக்க வேண்டும். 2015-இல் பிரேசிலின் திரை விமர்சகர் சங்கம் தன் நாட்டின் தலைசிறந்த 100 படங்களைத் தேர்ந்தபோது, மீட்பின் வழியாகத் தாராளமாகப் பார்க்கக் கிடைத்துவிட்ட 'லிமிட்டே' முதலிடத்தில் நின்றது.

ஜப்பானின் தெய்னோசுகே கினுகாசா 1926-இல் எடுத்த 'பித்தின் ஒரு பக்கம்' இன்னொரு சான்று. இளம் எழுத்தாளர் யசுனாரி கவாபட்டா பங்கேற்ற படம் அது. மனநல விடுதியில், தன் மனைவியின் அருகில் இருப்பதற்காக வேலைக்காரனாகச் சேர்ந்த முதியவனைப் பற்றியது. இடையில் விளக்க எழுத்துகள் கிடையாது. பல பத்தாண்டுகள் அழிந்துபோனதாகக் கருதப்பட்ட இதன் சுருளை 1971-இல் இயக்குநரே தன் சேமிப்புக் கொட்டகையில் கண்டெடுத்தார். கிடைத்தது முழுப் படமல்ல என்று ஆய்வாளர்கள் கூறுகிறார்கள். குறையுள்ள அந்தப் பிரதியே இன்று உலகெங்கும் திரையிடப்படுகிறது. புதுப்புது இசைக்கலைஞர்கள் அதற்கு நேரடியாக இசையமைக்கிறார்கள். கண்டெடுத்த பரபரப்பு என்றோ அடங்கிவிட்டது. பார்ப்போர் இன்னும் வருகிறார்கள்.

தடையும் நள்ளிரவும்

தடை என்ற காரணத்தையும் இதேபோல் சோதிக்கலாம். சர்ரியலிசப் படங்களின் வரலாறு தொடக்கத்திலேயே தணிக்கையோடு பின்னியது. அன்தோனன் ஆர்த்தோ எழுதி ஜெர்மேன் துலாக் 1928-இல் இயக்கிய 'சிப்பியும் பாதிரியும்' படத்தைப் பிரிட்டிஷ் தணிக்கைக் குழு நிராகரித்தது. படம் பொருளே இல்லாத அளவுக்குப் புதிராக இருக்கிறது, பொருள் ஏதேனும் இருந்தால் அது ஆட்சேபத்துக்குரியதாகத்தான் இருக்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம். புரியாமையே குற்றமானது.

புனுவேலின் 'பொற்காலம்' இன்னும் பெரிய புயலைக் கிளப்பியது. கலை ஆர்வலரான ஷார்ல் தெ நொவாய் என்ற பிரபு, மனைவி மாரி-லோரின் பிறந்தநாளையொட்டிப் பணம் கொடுத்து எடுக்கச் செய்த படம் அது. 1930 டிசம்பர் 3 அன்று பாரிஸின் 'ஸ்டூடியோ 28' அரங்கில் வலதுசாரிக் கும்பல் திரையின் மேல் மை வீசியது. கூடத்தில் மாட்டியிருந்த ஓவியங்களைக் கிழித்தது. சில நாட்களில் காவல்துறைத் தலைவர் படத்தைத் தடை செய்தார். நொவாய் குடும்பம் பிரதிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் படம் பொதுவெளியில் இல்லை. திரைக் கழகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் மறைவாகக் காட்டப்பட்ட பிரதிகளே அதன் பெயரை வாழவைத்தன.

அலெஹாந்த்ரோ ஹொடரோவ்ஸ்கியின் படங்களில் தடை வேறு வடிவத்தில் வந்தது. 1970 டிசம்பரில் நியூயார்க்கின் எல்ஜின் அரங்கு 'எல் டோப்போ' படத்தை நள்ளிரவுக் காட்சியாகப் போடத் தொடங்கியது. விளம்பரமே இல்லாமல் மாதக்கணக்கில் ஓடியது. ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். ஜான் லெனனின் தூண்டுதலால் இசைத்துறை வணிகர் ஆலன் கிளெய்ன் அதன் உரிமையை வாங்கினார். அடுத்த படமான 'புனித மலை' (1973) உருவாகவும் பணம் தந்தார். பின்னர் இருவருக்கும் பகை மூண்டது. கிளெய்ன் இரு படங்களையும் பூட்டி வைத்துவிட்டார். முப்பதாண்டுக்கு மேல் அவை முறைப்படி கிடைக்கவில்லை. ஜப்பானிய லேசர் வட்டிலிருந்து பதிவு செய்து, அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து வேறொன்று எனப் பெருகிய வி.எச்.எஸ். நாடாக்களில்தான் ஒரு தலைமுறை அவற்றைப் பார்த்தது. வண்ணங்கள் கசிந்து, உருவங்கள் மங்கிய நாடாக்கள். 'புனித மலை' வண்ணத்தின் வலிமையில் நிற்கும் படம். அது இல்லாத பிரதியையும் மக்கள் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

சமரசம் ஏற்பட்டு, 2007-இல் சுத்தமான டிவிடி வெளிவந்தது. நாடாக்களைச் சேர்த்து வைத்திருந்தவர்களே முதலில் ஓடிப் போய் அதை வாங்கினார்கள் என்றால் வியப்பில்லை. தடையின் ருசிக்காக மட்டும் நாடாவை வைத்திருந்தவர் அதை வாங்கியிருக்க மாட்டார். மங்கலாகப் பார்த்ததைத் தெளிவாகப் பார்க்கவேண்டும் என்ற ஏக்கம்தான் அவரை வாங்க வைத்தது. செர்கேய் பராஜனோவின் 'மாதுளையின் நிறம்' (1969) படத்துக்கும் இதுவே நேர்ந்தது. ஆர்மீனியக் கவிஞர் சாயத் நோவாவின் வாழ்வை அசையா ஓவியங்களைப் போன்ற காட்சிகளாகக் காட்டிய படம். சோவியத் அதிகாரிகளின் நெருக்கடியால் வேறொருவர் திருத்திய வடிவமும், ஆர்மீனியாவில் காட்டப்பட்ட வடிவமும் தனித்தனியே உலவின. 1973-இல் பராஜனோவ் கைது செய்யப்பட்டார். 2014-இல் பொலோன்யா திரைக்காப்பகமும் மார்ட்டின் ஸ்கார்செஸியின் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் மீட்டெடுத்த பிரதி கான் விழாவில் காட்டப்பட்டது. இதைப் பல வடிவங்களில் சேர்த்து வைத்திருந்தவர்கள், எந்தக் காட்சி எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று ஒப்பிட்டுப் பார்ப்பதில் தோய்ந்தவர்கள். கதை இல்லாத படத்தில் ஒரு காட்சி இடம் மாறினால்கூட மொத்தப் பொருளும் மாறுகிறது. ஆகவே அந்த ஒப்பீடு படத்தைப் படிக்கும் வேலையாகவே அமைகிறது.

பொருளாக நிற்கும் படம்

இன்னொரு காரணம் அதிகம் பேசப்படுவதில்லை. பரிசோதனைப் படங்களில் பல, கதையைவிடச் சுருளின் உடலையே கருப்பொருளாகக் கொண்டவை. ஸ்டான் பிராகேஜ் 1963-இல் செய்த 'மாத்லைட்' படத்துக்குக் கேமரா தேவைப்படவில்லை. விளக்கில் விழுந்து செத்த பூச்சிகளின் இறகுகளையும் புல்லையும் பூவிதழ்களையும் ஒளிபுகும் ஒட்டுநாடாக்களுக்கு நடுவே வைத்து, அதை அப்படியே பிரதி எடுத்தார். நான்கு நிமிடத்துக்கும் குறைவான படம். திரையில் இறகுகள் படபடவென்று பறக்கின்றன. சுருளைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினால் ஒவ்வொரு இறகும் அதனதன் இடத்தில் கிடக்கிறது. இரண்டும் படம்தான். இரண்டாவதைப் பார்க்கும் பேறு சுருள் வைத்திருப்பவருக்கே கிடைக்கும்.

பிராகேஜ் சேகரிப்பை வரவேற்றவர். 1964-இல் நியூயார்க்கில் அவருடைய 16 மி.மீ. கருவிகள் திருட்டுப் போயின. கைக்கு எட்டிய விலையில் கிடைத்த 8 மி.மீ. கேமராவை வாங்கிக்கொண்டு 'பாடல்கள்' என்ற வரிசையைத் தொடங்கினார். புத்தகத்தையோ இசைத்தட்டையோ வைத்திருப்பது போலப் படங்களையும் மக்கள் வீட்டில் வைத்துத் தாங்கள் விரும்பிய நேரத்தில் பார்க்கவேண்டும் என்று அவர் விரும்பினார். கவிதை நூலை ஒரே மூச்சில் படித்து முடித்து மூலையில் போடுவோர் அரிது. எடுப்பார்கள், இரண்டு பக்கம் படிப்பார்கள், வைப்பார்கள், மறுபடி எடுப்பார்கள். இப்படங்களுக்கு வேண்டியதும் அந்த உறவே.

எலியாஸ் மெரிஜ் இயக்கிய 'பிகாட்டன்' (1989) வேறு திசையில் போய் இதே இடத்தை அடைகிறது. தன்னைத் தானே அறுத்துக்கொள்ளும் கடவுள், அதன் உடலிலிருந்து எழும் தாய், துடித்துக்கொண்டே இருக்கும் மகன் ஆகியோரைக் கொண்ட, வசனமே இல்லாத 72 நிமிடப் படம். கறுப்பு வெள்ளையில் எடுத்ததை மெரிஜ் தானே உருவாக்கிய கருவியில் சட்டகம் சட்டகமாக மறுபடி படமெடுத்தார். ஒரு நிமிடப் படத்துக்கு எட்டுப் பத்து மணி நேரம் பிடித்தது. சாம்பல் நிறம் மறைந்து, கறுப்பும் வெள்ளையும் மட்டும் மோதும் அந்தப் பிம்பம் பல நூறாண்டு மண்ணில் புதைந்திருந்து தோண்டி எடுத்ததைப் போலத் தோன்றுகிறது. சூசன் சொண்டாக் இதை முன்னின்று ஆதரித்தார். 1990-களில் வி.எச்.எஸ். நாடாவாகவும் 2001-இல் டிவிடியாகவும் வந்து, விற்றுத் தீர்ந்து, பழைய பிரதிகள் உயர்ந்த விலைக்குக் கைமாறின.

சுருள் அழியும் பொருள் என்பதும் சேகரிப்பாளர் அறிந்தது. நைட்ரேட் தீப்பிடிக்கும். 1950-களின் தொடக்கத்தில் அதை விலக்கிவிட்டு வந்த அசிட்டேட் சுருள், ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அசிட்டிக் அமிலத்தை வெளிவிட்டுச் சுருங்குகிறது. பெட்டியைத் திறந்ததும் காடி நெடி அடித்தால் அந்தச் சுருளின் நாட்கள் எண்ணப்படுகின்றன என்று பொருள். வண்ணப் பிரதிகளில் பல, நீலமும் பச்சையும் வெளிறிச் செந்நிறமாக மட்டும் மிஞ்சும். பெரிய நிறுவனப் படங்களுக்கு மூல நெகட்டிவ் எங்கேனும் இருக்கும். தனி ஒருவர் தன் காசில் எடுத்த 15 நிமிடப் படத்துக்கு, யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் இருக்கும் பிரதியே மூலமாகிவிடலாம். அதைக் காப்பவர் அந்தப் படத்தின் ஆயுளையே காக்கிறார்.

இந்தியச் சுவடுகள்

நம் நாட்டிலும் இவ்வரலாறு உண்டு. ஓவியர் அக்பர் பதம்ஸி நேரு உதவித்தொகையைக் கொண்டு 1960-களின் இறுதியில் பம்பாயில் கலைஞர்கள் கூடிப் பணியாற்றும் கூடம் ஒன்றை நடத்தினார். அங்கே அவர் எடுத்த இரண்டு படங்களில் 'சிசிஜி' எஞ்சியிருக்கிறது. 'ஈவன்ட்ஸ் இன் எ கிளவுட் சேம்பர்' என்ற மற்றதன் ஒரே பிரதி தொலைந்துபோனது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு இயக்குநர் அஷிம் அலுவாலியா, முதிய வயதில் இருந்த பதம்ஸியின் நினைவிலிருந்து அதைத் திரும்ப உருவாக்க முயன்று, அந்த முயற்சியையே 2016-இல் அதே பெயரில் படமாக்கினார். எடுத்தவருக்கே அந்தப் படத்தின் முழு வடிவமும் நினைவில் நிற்கவில்லை. இவ்வகைப் படம் நினைவில் தங்காது, பிரதியில்தான் தங்கும் என்பதற்கு இது நெஞ்சைத் தைக்கும் நிரூபணம். இரண்டாவது பிரதி ஒன்றை யாரேனும் வாங்கி வைத்திருந்தால் அது இன்று நம்மிடம் இருந்திருக்கும்.

அரசு நிறுவனமான ஃபிலிம்ஸ் டிவிஷனில் பிரமோத் பதி 'எக்ஸ்ப்ளோரர்' (1968), 'அபித்' (1972) போன்ற படங்களை எடுத்தார். மின்னல் வேக வெட்டுகளும் மின்னணு இசையும் நடுங்கும் பிம்பங்களுமாக, செய்திப் படங்களுக்கு நடுவே பிறந்த விந்தைகள் அவை. நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்து, திரைப்பட மாணவர்களும் ஆர்வலர்களும் தேடிப் பார்க்கத் தொடங்கிய பிறகே பேசுபொருளாயின.

கமல் ஸ்வரூப்பின் 'ஓம் தர்-ப-தர்' (1988) இந்தியச் சேகரிப்பாளர்களின் தலைமகன். அஜ்மீரில் வளரும் ஓம் என்ற சிறுவன், ஜோதிடம் பார்க்கும் தந்தை, தவளைகள், வைரங்கள், விளம்பரப் பாட்டுகள் என எதுவும் எதனோடும் ஒட்டாமல், ஆனால் எல்லாம் ஒரே தாளத்தில் ஓடும் படம். தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் பணத்தில் உருவாகி, பெர்லின் விழாவில் காட்டப்பட்டு, இந்தியத் திரையரங்குகளுக்கு வராமலே முடங்கியது. நாடாக்களாகவும் பின்னர் கோப்புகளாகவும் மாணவர் விடுதிகளில் கைமாறியது. அதன் வசனங்களை மனப்பாடமாகச் சொல்லும் தலைமுறை உருவாயிற்று. 2014 ஜனவரி 17 அன்று, 26 ஆண்டு கழித்து, மீட்கப்பட்ட பிரதி திரையரங்குகளில் வெளியானது. மங்கலான கோப்புகளைக் கைமாற்றியவர்கள்தான் அதற்கு வழி அமைத்தவர்கள்.

தமிழில் இவ்வரிசையில் பெருமையோடு வைக்க ஒரு படம் இருக்கிறது. வெங்கட் சாமிநாதனின் திரைக்கதையில் ஜான் ஆபிரகாம் இயக்கிய 'அக்ரகாரத்தில் கழுதை' (1977). பேராசிரியர் ஒருவர் கழுதைக் குட்டியை எடுத்து வளர்க்கிறார். அக்ரகாரம் அதைக் கொல்கிறது. கொன்ற பின் அதையே தெய்வமாக்குகிறது. இறுதியில் எலும்பும் நெருப்பும் நடனமுமாகப் படம் யதார்த்தத்தைக் கடந்து போகிறது. தமிழின் சிறந்த படம் என்ற தேசிய விருது பெற்றும் எதிர்ப்புகளால் மக்களிடம் போய்ச் சேரவில்லை. திரைப்படச் சங்கங்களின் திரையிடல்களும், கைக்குக் கை மாறிய தேய்ந்த பிரதிகளும், சிறுபத்திரிகைகளின் பேச்சுமே அதை உயிரோடு வைத்திருக்கின்றன. 2000-களில் சென்னை பர்மா பஜாரின் கடைகளில் உலக சினிமா வட்டுகளைத் துழாவிய உதவி இயக்குநர்களையும் வாசகர்களையும் எண்ணிப் பார்த்தால், அந்தத் தாகம் நமக்குப் புதிதல்ல என்பது விளங்கும். புனுவேலும் பராஜனோவும் தமிழர் பலரின் வீட்டுக்குள் வந்தது அந்த வழியில்தான்.

பூட்டுவதா, காட்டுவதா?

சேகரிப்பாளரைப் போற்றும்போது சேகரிப்பின் இருண்ட பக்கத்தையும் மறைக்கக் கூடாது. அருமையைச் செயற்கையாக உண்டாக்கி விற்கும் வழக்கம் கலைச் சந்தையில் நிலைத்துவிட்டது. மேத்யூ பார்னி 1994 முதல் 2002 வரை எடுத்த ஐந்து 'கிரிமாஸ்டர்' படங்களும் எண்ணிக்கை வரம்பிட்ட கலைப்பொருட்களாக மட்டுமே விற்கப்பட்டன. அவற்றில் ஒன்றான 'கிரிமாஸ்டர் 2' வட்டு 2007-இல் 5,71,000 டாலருக்கு ஏலம் போனது. வாங்கியவர் படத்தை வாங்கினாரா, பிறர் பார்க்க முடியாது என்ற உரிமையை வாங்கினாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

இதற்கு நேர் எதிரான துறவு மனநிலை கொண்டவர் கிரிகரி மார்க்கோபவுலஸ். 1967-இல் அமெரிக்காவைவிட்டு நீங்கி, தன் படங்களை விநியோகத்திலிருந்து விலக்கிக்கொண்டார். வாழ்நாள் படைப்புகளை ஏறத்தாழ 80 மணி நேரம் ஓடும் 'எனியாயோஸ்' என்ற ஒரே தொடராக வெட்டிக் கோத்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு, 2004 முதல் கிரேக்கத்தின் ஆர்க்காடியா மலைப்பகுதியில் லிஸ்ஸரேயா கிராமத்துக்கு அருகே, திறந்தவெளியில், சில ஆண்டுக்கொரு முறை அதன் பகுதிகள் காட்டப்படுகின்றன. பார்க்க விரும்புவோர் அங்கே போக வேண்டும். இங்கேயும் அருமை இருக்கிறது. ஆனால் கதவு யாருக்கும் அடைக்கப்படவில்லை.

சட்டத்தின் நெருக்கடியும் உண்டு. 1970-களில் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை தனியார் படச் சேகரிப்பாளர்களைத் துருவியது. 1974 டிசம்பரில் நடிகர் ராடி மெக்டவலின் வீட்டைச் சோதனையிட்டுச் சுருள்களையும் நாடாக்களையும் அள்ளிச் சென்றது. அவர் மேல் வழக்குத் தொடரப்படவில்லை என்றாலும் சேகரிப்பாளர்களிடையே அச்சம் பரவியது. தம்மிடம் என்ன இருக்கிறது என்று வெளியே சொல்ல அஞ்சும் நிலையில், அரிய பிரதிகள் பட்டியலுக்குள் வராமலே கிடக்கும். படைப்பாளியின் உரிமை காக்கப்பட வேண்டும். அதே வேளையில், உரிமை வைத்திருப்பவர் கைவிட்ட படத்தைக் காப்பவரைத் திருடராக நடத்துவது படத்துக்குச் செய்யும் தீங்கு.

பூட்டுவதா, காட்டுவதா என்ற வாதம் திரைக்காப்பகங்களுக்குள்ளேயே நடந்தது. 1936-இல் பிரெஞ்சு சினிமாதெக்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆன்ரி லாங்லுவா கைக்குக் கிடைத்ததை எல்லாம் சேர்த்தார். சேர்த்ததை எல்லாம் காட்டினார். லண்டனில் தேசியத் திரைக்காப்பகத்தை உருவாக்கிய எர்னெஸ்ட் லிண்ட்கிரன், எதிர்காலத்துக்காக மூலப் பிரதியைத் தொடாமல் காக்கவேண்டும் என்றார். லிண்ட்கிரனின் ஒழுங்கு இல்லாவிட்டால் சுருள்கள் தேய்ந்து போயிருக்கும். லாங்லுவாவின் திரையிடல்கள் இல்லாவிட்டால் பிரெஞ்சுப் புதிய அலையின் இயக்குநர்கள் அந்தப் படங்களைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். இரண்டும் வேண்டும் என்பது இன்று பொதுக் கருத்து. ஆயினும் பரிசோதனைப் படங்களைப் பொறுத்தவரை நான் லாங்லுவாவின் பக்கம் சாய்கிறேன். கதைப் படம் பெட்டியில் கிடந்தாலும் அதன் கதை வெளியே உலவும். இப்படங்களுக்கு அந்த இரண்டாவது வாழ்வு கிடையாது. திரையில் ஓடாத நேரத்தில் அவை முற்றிலும் இல்லாமல் போகின்றன.

இதை நன்கு உணர்ந்தவர்கள் அமெரிக்காவின் முன்னோடிகள். மாயா டெரன் கணவர் அலெக்சாண்டர் ஹம்மிடுடன் 1943-இல் எடுத்த 14 நிமிடப் படமான 'பிற்பகலின் வலைகள்' எந்த விநியோகஸ்தரையும் நம்பியிருக்கவில்லை. அவரே பிரதிகளைக் கல்லூரிகளுக்கும் சங்கங்களுக்கும் வாடகைக்கு அனுப்பினார். 1946-இல் நியூயார்க்கின் பிராவின்ஸ்டவுன் அரங்கை வாடகைக்கு எடுத்துத் தன் படங்களைத் திரையிட்டார். அதனால் ஊக்கம் பெற்ற ஆமோஸ் வோகல் 1947-இல் 'சினிமா 16' என்ற கழகத்தைத் தொடங்கினார். உறுப்பினர்களுக்கான கழகம் என்பதால் தணிக்கையின் பிடியிலிருந்து அது தப்பியது. உச்சத்தில் ஏறத்தாழ 7,000 பேர் சேர்ந்திருந்தார்கள். லித்துவேனியாவிலிருந்து அகதியாக வந்த ஜோனாஸ் மேகாஸ் 1962-இல் படைப்பாளிகளின் கூட்டுறவு விநியோக அமைப்பையும், 1970-இல் தோழர்களுடன் ஆன்தாலஜி திரைக்காப்பகத்தையும் நிறுவினார். கார்னெலின் படச் சேகரிப்பு போய்ச் சேர்ந்ததும் அங்கேதான். வீட்டுக் கூடத்தில் தம்பிக்காகத் தொடங்கிய சேகரிப்பு பொதுச் சொத்தானது.

முடிவாக

மேலே கண்ட நிகழ்வுகளிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, அருமையும் தடையும் ஒருவரைப் படத்தின் வாசல்வரை கொண்டு வரலாம். உள்ளே தங்கவைப்பது படத்தின் வற்றாமை. 'லிமிட்டே', 'புனித மலை', 'ஓம் தர்-ப-தர்' மூன்றும் எளிதில் கிடைக்கத் தொடங்கிய பிறகும் காதலர்களை இழக்கவில்லை. இரண்டாவது, இவ்வகைப் படங்களைச் சந்தையோ அரசோ முதலில் காத்ததில்லை. பேராசிரியர், மாணவர், இரவல் வாங்கிய நண்பர், நாடாவைப் பதிவு செய்த முகமறியாத ரசிகர் ஆகியோரே காத்தார்கள். நிறுவனங்கள் பிறகுதான் வந்தன. மூன்றாவது, திரும்பப் பார்க்கும் தேவையில் பிறந்த சேகரிப்பு, காட்டுவதில்தான் தன் பயனை அடைகிறது.

இன்று இணையத்தில் எல்லாம் கிடைக்கும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கிடைப்பவை எவரோ சேகரித்து, எண்மமாக்கி, ஏற்றியவை. ஏற்றப்பட்டது உரிமைப் பிரச்சினையாலோ நிறுவனத்தின் கணக்கு வழக்காலோ ஒரே நாளில் மறையலாம். ஆகவே சேகரிப்பாளரின் வேலை முடிந்துவிடவில்லை. தமிழ்ச் சூழலில் செய்யவேண்டியவை கண்முன்னே இருக்கின்றன. திரைப்படச் சங்கங்களிடமும் தனியாரிடமும் உள்ள 16 மி.மீ. சுருள்களையும் நாடாக்களையும் பட்டியலிட வேண்டும். காடி நெடி வருவதற்குள் அவற்றை எண்மமாக்க வேண்டும். குறும்பட இயக்குநர்களின் குடும்பங்களோடு பேசி உரிமையை எழுத்தில் பெற வேண்டும். மாதம் ஒரு முறையாவது நாற்காலிகள் போட்டு அவற்றைத் திரையிட வேண்டும். தன்னிடம் மட்டுமே இருக்கும் படத்தைப் பத்துப் பேருக்குக் காட்டுகிற சேகரிப்பாளர், அதன் இயக்குநருக்கு அடுத்தபடியாக அந்தப் படத்துக்கு உரியவர்.